வெள்ளத்தில் நனைந்த கேஸ் அடுப்பு

திருநெல்வேலிக்காரர்களிடம் 2023 டிசம்பர் என்று சொன்னால் போதும், அடுத்த அரை மணி நேரம் அவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள். டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணி கரையைத் தாண்டி ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் வந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் "அதுக்கு இது அண்ணன்" என்றார்கள்.

இதெல்லாம் செய்தித்தாளில் வந்துவிட்டது. வராத ஒன்று உண்டு. தண்ணீர் வடிந்த பிறகு தெருவில் மெத்தை, பாடப்புத்தகம், ரேஷன் அரிசி மூட்டை இவற்றோடு வரிசையாகக் கிடந்த கேஸ் அடுப்புகள். டிவி போனால் பாட்டு கேட்காமல் இருக்கலாம், ஃபிரிட்ஜ் போனால் மோரைப் பானையில் வைக்கலாம். அடுப்பு போனால் சாயங்காலம் சோறு கிடையாது. விறகு வைத்துச் சமைக்கலாமென்றால் விறகும் நனைந்துதான் கிடக்கிறது. காருகுறிச்சி மண் அடுப்பு வைத்திருந்த வீடுகளில் அது கரைந்தோ உடைந்தோ போயிருந்தது.

அந்த அடுப்புகளை என்ன செய்வது? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதா, சரிசெய்து மறுபடி ஏற்றுவதா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் அரசு அறிவித்த நிவாரணம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000 ரூபாய். அந்த ஆறாயிரத்துக்குள் மெத்தை, பள்ளிக்கூடப் பை, பாத்திரம், அடுப்பு எல்லாம் அடங்க வேண்டும். அடுப்புக்கு எவ்வளவு போகிறதோ அவ்வளவு வேறு ஒன்றில் குறையும்.

மீனாட்சிபுரம் பக்கம் ஒரு வீட்டில் இந்தக் கேள்வி மாமியார் மருமகள் சண்டையாகவே ஆகிவிட்டது. வீட்டில் ஐந்து பேர். அடுப்பு இரண்டு பர்னர், எவர்சில்வர் உடம்பு, கனத்த பித்தளை பர்னர். மூத்த மகன் கல்யாணத்துக்கு வாங்கியது, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அது மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்திருக்கிறது.

"அத்தை, இதத் தூக்கி எடைக்குப் போட்டுருவோம். கேஸு விஷயம், விளையாட்டு கெடையாது" என்றாள் மருமகள்.

"ஏளா, இது பித்தளை. இப்ப வார அடுப்புல தகரத்த வளச்சு வச்சிருக்கான். கழுவுனா சரியாப் போவும்" என்றார் ஆச்சி.

இதில் யார் சொன்னது சரி என்றால், இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. எந்தப் பாதி யாருடையது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மருமகளின் பாதி.

சிலிண்டர் மிதக்கும் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? காலி சிலிண்டர் மட்டுமல்ல, கேஸ் நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ், இரும்பு 15 கிலோவுக்கு மேல். ஆக மொத்தம் ஏறக்குறைய 30 கிலோ. ஆனால் சிலிண்டரின் உள் கொள்ளளவே 33 லிட்டர். இரும்பின் கனத்தையும் சேர்த்தால் அது விலக்கும் தண்ணீர் 35 லிட்டர் வரும். ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடிஸ்தான். தண்ணீர் இடுப்பளவு ஏறியதும் சிலிண்டர் கிளம்பிவிடும். அடுப்பு மேடையில் நிற்கும், சிலிண்டர் மிதந்து சாயும், இரண்டுக்கும் நடுவில் இழுபடுவது கேஸ் டியூப். அதனால் தண்ணீர் வீட்டுக்குள் வரப்போகிறது என்று தெரிந்தால் பீரோவைத் தூக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது, ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் அந்தப் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிடுவது. அரை நிமிட வேலை. (அந்த மூடி எத்தனை வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்பது வேறு கதை. பெரும்பாலும் குழந்தைகள் பம்பரம் மாதிரி சுற்றித் தொலைத்திருப்பார்கள்.)

டியூப்பைக் கழுவிப் பயன்படுத்தலாமா? கூடாது. ஆரஞ்சு நிறத்தில் உள்ளே கம்பி வலை வைத்து வரும் சுரக்ஷா டியூப்புக்கே ஆயுள் ஐந்து வருடம்தான். இழுபட்டு, சேற்றில் கிடந்த டியூப்பில் வெளியே தெரியாத கீறல் இருக்கலாம். ரெகுலேட்டரும் அப்படித்தான். அதற்குள்ளே மெல்லிய ரப்பர்த் தகடு ஒன்று இருக்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் பெரிய அழுத்தத்தை அடுப்பு தாங்கும் சின்ன அழுத்தமாகக் குறைப்பது அதுதான். அது மூச்சு விடுவதற்கு மேலே ஒரு சின்னத் துளை உண்டு. அந்தத் துளை வழியாகச் சேறு போய்விட்டால் வெளியே எவ்வளவு பளபளப்பாகத் துடைத்தாலும் பயனில்லை. அதை வீட்டில் கழற்றிப் பார்க்கவே கூடாது. கேஸ் ஏஜென்சியில் கொடுத்து மாற்ற வேண்டும். சிலிண்டரையும் ஏஜென்சி ஆளைக் கூப்பிட்டு வால்வைப் பார்க்கச் சொன்ன பிறகுதான் மாட்ட வேண்டும்.

ஆக டியூப், ரெகுலேட்டர் இரண்டிலும் மருமகள் ஜெயித்துவிட்டாள். கேஸ் வெளியே கசிகிற இடத்தில் பழசுக்கு இரக்கம் காட்டக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் பரவிக் கட்டில் அடியில் தேங்கும். வாசனையே இல்லாத கேஸுக்கு மெர்காப்டன் கலந்து அந்த அழுகிய நாற்றத்தை வைத்திருப்பதே நாம் கண்டுபிடிக்கத்தான். வெள்ளம் வடிந்த வீட்டில் எல்லாமே நாறிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு நாற்றம் தனியாகத் தெரியுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

இப்போது ஆச்சியின் பாதி. இதுதான் சுவாரசியமானது.

அடுப்பு என்பது உண்மையில் ரொம்ப எளிமையான சாமான். கேஸ் வந்து ஒரு ஊசித்துளை வழியாகப் பீறிடுகிறது. அந்தத் துளை உள்ள பித்தளைத் துண்டுக்கு ஜெட் என்று பெயர். பீறிடும் வேகத்தில் அது பக்கத்திலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு ஒரு குழலுக்குள் ஓடுகிறது. குழலுக்குள் இரண்டும் கலந்து, பர்னர் தலையில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் வழியாக வெளியே வந்து எரிகிறது. அவ்வளவுதான். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, சிப் இல்லை. மிக்சியில் தண்ணீர் புகுந்தால் காயில் போய்விடும். பித்தளைக்குள் சேறு புகுந்தால் சேறு போனதும் பித்தளை பித்தளைதான்.

தெருவுக்கு வந்த ரிப்பேர்க்காரர் இதைத்தான் சொன்னார். டிவிஎஸ் 50-யில் பின்னால் ஒரு பெட்டி கட்டிக்கொண்டு "கேஸ் ஸ்டவ் ரிப்பேர்ர்ர்" என்று போகிறவர். அந்த வாரம் அவர் ஒரு தெருவைத் தாண்ட ஒரு நாள் ஆனது.

"அண்ணாச்சி, இது தேறுமா?"

"தேறும் ஆச்சி. மேல தகரம் துருப்பிடிச்சிருந்தா நான் தேறாதுன்னு சொல்லிருப்பேன். உள்ளுக்குள்ள எல்லாம் பித்தளைல்லா."

அவர் செய்த வேலையை வரிசையாகச் சொன்னால் வீட்டில் நீங்களே பாதியைச் செய்யலாம். பர்னர் தலைகளைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். வெந்நீரில் புளியைக் கரைத்து அதில் ஊறப்போட்டார் ஆச்சி (இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, குத்துவிளக்கு தேய்த்த கைக்குத் தெரியும்). ஊறிய பிறகு ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்திச் சேற்றை எடுத்தார்கள். அடுத்து குழல். அங்கே சேறு மட்டுமல்ல, வெள்ளத்துக்கு முன்பிருந்தே ஒரு குளவிக் கூடு இருந்தது! ரொம்ப நாளாக அந்தப் பக்கத்து அடுப்பு மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்துக்கொண்டிருந்ததாம். அரிசி பானையை மாற்றினார்கள், சிலிண்டரைக் குறை சொன்னார்கள், கடைசியில் காரணம் குளவி. குழல் அடைத்தால் காற்று போதாது. காற்று போதாவிட்டால் தீ மஞ்சளாகும். மஞ்சள் தீயில் எரியாத கரி பாத்திரத்தில் ஒட்டும். நீலமாக, கூம்பு கூம்பாக நிற்கும் தீதான் சரியான தீ.

ஜெட்டைத்தான் அவர் யாரையும் தொட விடவில்லை. ஸ்பேனரால் கழற்றி, வாயால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பர்னர் துளையைக் குத்துகிற அதே ஊசியை ஜெட்டுக்குள் விட்டால் துளை பெரிதாகிவிடும். பித்தளை இளகிய உலோகம், இரும்பு ஊசி அதைத் தின்றுவிடும். துளை ஒரு மயிரளவு பெரிதானாலும் கேஸ் அதிகம் வரும், இழுக்கும் காற்று போதாது, மறுபடி மஞ்சள் தீ. சரியாகிவிடும் என்று நினைத்துச் செய்கிற வேலையே அடுப்பைக் கெடுத்துவிடும். அடைப்பு ஊதியும் போகவில்லை என்றால் புது ஜெட் போடுவதுதான் நல்லது, அது சின்னக் காசுதான்.

நாப் திருகுகிற இடம் இன்னொன்று. கூம்பு மாதிரி ஒரு பித்தளைத் துண்டு இன்னொரு கூம்புக்குள் சுழல்கிறது. இடையே கிரீஸ்தான் கேஸை வெளியே விடாமல் காக்கிறது. சேறு உள்ளே போனதில் நாப் கரகரவென்றது. நம் வீடுகளில் நாப் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம். தயவுசெய்து விடாதீர்கள். எண்ணெய் சூட்டில் இளகி ஓடிவிடும், பிறகு பிசினாகும். அவர் பழைய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தெடுத்து, சூடு தாங்கும் கிரீஸ் வைத்து மாட்டினார். கேஸ் போகும் இரும்புக் குழாயை சைக்கிள் பம்பால் அடித்துக் காய வைத்தார்.

பிறகு சோப்பு நுரை. புது டியூப், புது ரெகுலேட்டர் மாட்டி, நாப்களை மூடி, கேஸைத் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் நுரையைத் தடவி எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். குமிழ் வந்தால் கசிவு. வலது பக்க நாப்பின் அடியில் ஒரே ஒரு குமிழ் வந்தது. மருமகள் "பாத்தியளா!" என்றாள். மறுபடி கழற்றி, மறுபடி கிரீஸ் வைத்து, மறுபடி நுரை. இரண்டாவது தடவை குமிழ் இல்லை. தீக்குச்சியைக் கிழித்துக் கசிவு பார்க்கிற வீரர்கள் இன்னும் ஊருக்குள் இருக்கிறார்கள், அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுத வேண்டியிருக்கிறது. கசிவு பெரிதாகத் தெரிந்தால் ஜன்னலைத் திற, சுவிட்சைத் தொடாதே, வெளியே வந்து 1906-க்கு ஃபோன் செய். சுவிட்சைப் போட்டாலும் பொறி, அணைத்தாலும் பொறி.

ஒரு சின்ன வணிகவியல் இடைச்செருகல். இப்படி ரிப்பேருக்குக் கொடுத்த பணம் மூலதனச் செலவா, வருவாய்ச் செலவா? பி.காம். முதல் வருடத்தில் இதை வைத்து ஐந்து மார்க் கேள்வி நிச்சயம். வழக்கமான பழுது என்றால் வருவாய்ச் செலவு. பழைய சாமானை வாங்கி ஓட வைக்கச் செய்த முதல் செலவு என்றால் மூலதனச் செலவு. அந்த அடுப்பு கணக்குப் புத்தகப்படி எப்போதோ தேய்ந்து பூஜ்யமாகியிருக்கும். ஆனால் பூஜ்ய மதிப்புள்ள சாமான் இன்று காலை ஐந்து பேருக்கு இட்லி அவித்துப் போட்டிருக்கிறது. தேய்மானக் கணக்கு எழுதுகிறவர்கள் ஒருநாள் சமையலறைக்கு வந்து பார்க்க வேண்டும்.

கணக்கு உண்மையிலேயே உதவுகிற இடம் வேறு. இந்தியத் தரம் ஐ.எஸ். 4246-ன்படி வீட்டு எல்.பி.ஜி. அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 விழுக்காடு இருக்க வேண்டும். அதாவது எரிகிற கேஸில் 68 பங்கு சட்டிக்குப் போக வேண்டும். அடைபட்ட பர்னரால் இது 60-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் வரவேண்டிய சிலிண்டர் 26 நாளில் தீரும். வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை சிலிண்டர் வீண். குளவி எவ்வளவு தின்றிருக்கிறது பாருங்கள்.

சரி, எல்லா அடுப்பும் தேறியதா? இல்லை. அடுத்த வீட்டு அடுப்பு தேறவில்லை. 2006 தேர்தலில் வாக்குறுதியாக வந்து 2007-ல் தொடங்கிய இலவச கேஸ் அடுப்புத் திட்டத்தில் கிடைத்தது அது. அந்தத் தெருவில் பல வீட்டில் முதன்முதலாகக் கேஸ் ஏறியதே அப்போதுதான். வட இந்தியாவில் உஜ்வாலா 2016-ல் செய்ததை இங்கே பல வீடுகள் முன்பே பார்த்துவிட்டன. பதினாறு வருடம் உழைத்த அடுப்பின் அடித்தகடு துருவில் உதிர்ந்து, கேஸ் குழாய் பிடிப்பில்லாமல் ஆடியது. ரிப்பேர்க்காரர் பெட்டியையே திறக்கவில்லை. "இதுக்கு நான் காசு வாங்குனா பாவம்" என்றார்.

ஆகவே அந்த வீட்டில் புதிது வாங்க வேண்டியிருந்தது. வீடு ஒற்றை அறை, மேடை இரண்டடி அகலம். சின்ன அடுப்பாகத் தேட வேண்டும். டவுன் ரதவீதிப் பக்கம் கடைக்காரர் முதலில் காட்டியது கண்ணாடி மேல்தட்டு போட்டது. பார்க்க அழகு, துடைக்கச் சுலபம். இரும்புச் சட்டியை டமாரென்று வைக்கிற கைக்கு அது ஒத்துவருமா என்பதுதான் சந்தேகம். எவர்சில்வர் நெளியும், ஆனால் உடையாது.

சின்ன அடுப்பு வாங்கும்போது யாரும் பார்க்காத ஒன்று, இரண்டு பர்னருக்கும் இடையே உள்ள தூரம். அட்டைப்பெட்டியில் இரண்டு பர்னர் என்று போட்டிருப்பான். வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் இட்லிக் கொப்பரை, மறுபக்கம் சொதிச் சட்டி வைத்தால் இரண்டும் தோளை இடித்துக்கொண்டு நிற்கும். அப்புறம் ஒன்றில்தான் சமையல், மற்றதில் கரண்டி வைக்கலாம். இதற்கு ஒற்றைப் பர்னர் பெரிதாக ஒன்று வாங்கியிருக்கலாம். அந்த வீட்டு அம்மா செய்த காரியம் பாராட்டத்தக்கது: வீட்டிலிருந்து குழம்புச் சட்டியையும் கொப்பரையையும் பையில் போட்டுக் கடைக்கே எடுத்துப் போனார். கடைக்காரர் சிரித்தார். மூன்றாவது மாடலில் இரண்டும் உட்கார்ந்தன, அதைத்தான் வாங்கினார்.

பிறகு பர்னரைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் பித்தளை வார்ப்பு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 4246 என்ற எண்ணும் தகட்டில் இருக்க வேண்டும், அட்டைப்பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. தானாகப் பற்றும் வசதி நம் சமையலறைக்குத் தேவையில்லை என்று தோன்றுகிறது. பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தால் அது வேலைநிறுத்தம் செய்யும், பிறகு லைட்டர்தான். மிகச் சின்னக் குடும்பம், விடுதி அறை என்றால் ஏஜென்சியில் அடையாள அட்டை காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் உண்டு. சிலிண்டர் தலையிலேயே பர்னரைத் திருகி, பெட்டிக்கடையில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்குக் கேஸ் மாற்றிக்கொடுக்கிற ஏற்பாடு பக்கம் மட்டும் போகவே வேண்டாம். சட்டவிரோதம் என்பது இருக்கட்டும், உயிருக்கே உலை.

இன்னொன்று. வெளிநாட்டில் கொல்லைப்புறத்தில் வைத்து இறைச்சி சுட என்றே கேஸ் கிரில் விற்கிறார்கள். நம் ஊரில் கிரில் என்பது கைப்பிடி வைத்த கம்பி வலைதான். அதில் அப்பளம், கத்திரிக்காய், கருவாடு எல்லாம் சுடலாம். ஆச்சிக்குச் சுட்ட கத்திரிக்காய்த் துவையல் இல்லாமல் கஞ்சி இறங்காது. ஆனால் இரண்டு அடுப்புக்கும் வியாதி ஒன்றுதான்: சுடும்போது சொட்டுகிற நெய்யும் கருகிய தோலும் நேரே பர்னர் துளைக்குள் விழும். வெளிநாட்டுக் கிரில்லில் பர்னருக்கு மேலே கூரை மாதிரி ஒரு தகடு வைத்திருப்பது அதற்காகத்தான். நம் அடுப்பில் அந்தக் கூரை கிடையாது. சுட்ட அன்றைக்கே பர்னரைத் தூக்கித் தட்டிவிட வேண்டும். மருமகள் இப்போது ஒரு விதி போட்டிருக்கிறாள்: சுடுவதெல்லாம் இடது அடுப்பில் மட்டும்.

ஆச்சி அதற்கு ஒத்துக்கொண்டார். பதிலுக்குப் பழைய அடுப்பு மேடையிலேயே இருக்கிறது. மிச்சப் பணத்தில் ஒரு மெத்தையும் பேரனுக்குப் பள்ளிக்கூடப் பையும் வந்தன. புது டியூப்பின் மேல் மருமகள் மார்க்கர் பேனாவால் 12/2023 என்று எழுதி, கீழே 12/2028 என்றும் எழுதி வைத்திருக்கிறாள். சிலிண்டர் கழுத்துத் தகட்டிலும் இப்படித்தான் அடுத்த சோதனைக்கான தேதி எழுதியிருக்கும். ஏ, பி, சி, டி என்பது வருடத்தின் நாலு காலாண்டு. பி-27 என்றால் 2027 ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள். சிலிண்டர் கொண்டுவருகிற பையனை நிற்க வைத்து, அந்த எழுத்தைப் படித்த பிறகுதான் இப்போது ஆச்சி சிலிண்டரை உள்ளே விடுகிறார். அவனுக்கு இது பெரிய தொல்லை.